விருந்தினருக்கு எவ்வளவு?

நஹ்வு, ஸர்ஃபு என்று முப்பதாண்டு காலமாக அரபு இலக்கணம் கற்பித்து வரும் நாம், கணினிக்குள் இருக்கும் பிராசசரைப் பற்றி எழுதப் புகுந்தது கண்டு வாசக அன்பர்கள் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். பூக்கட்டும். அறியாத துறையில் அடியெடுத்து வைத்து, இடறி விழுந்து, பிறர் கைகொடுக்க எழுந்த கதையைத்தான் ஈண்டு எழுதுகிறோம். இன்று பல இல்லங்களில் கணினி இருக்கிறது. நமக்கு நேர்ந்த தேவை அவற்றுள் சிலவற்றிலேனும் நேரும். அப்போது நமது பிழை வேறொருவருக்குப் பயன்பட்டால், பிழை செய்ததிலும் ஒரு பலன் உண்டென்று ஆறுதல் கொள்வோம்.

நமது உஸ்தாது மர்ஹூம் ஹஜ்ரத் அவர்கள், அரபுத் தமிழ் நூல்களில் பயின்று வரும் சொற்களைத் திரட்டிப் பொருள் எழுதுவதைத் தம் முதுமைக் காலப் பணியாகக் கொண்டிருந்தார்கள். அரபுத் தமிழ் என்பது தமிழை அரபு எழுத்தால் எழுதும் முறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளோடு புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய வடிவங்கள் அமைத்துக் கொண்டனர் நம் முன்னோர். தமிழ் நெடுங்கணக்கு அறியாத பாட்டிமார் பலர் அந்த எழுத்தின் வழியாகத்தான் தமிழ் படித்தார்கள். அந்தத் தலைமுறை மறையுமுன் அவர்தம் சொற்களையேனும் காத்துவிட வேண்டும் என்பது ஹஜ்ரத் அவர்களின் வேட்கை.

2004ஆம் ஆண்டு தொடங்கி, அஸருக்குப் பின் அவர்கள் சொல்லச் சொல்ல, நாம் நமது கணினியில் தட்டெழுதி வந்தோம். அதில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. தமிழுக்கென்று விலை கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருள் இருந்தது. 2009இல் பணி ஓரளவு நிறைவெய்தியது. 'இதை அச்சேற்றுவது உம் பொறுப்பு. இது உம்மிடம் அமானத்து' என்றார்கள். 'இன்ஷா அல்லாஹ், அடுத்த ரமளானுக்குள் முடித்துவிடுவோம் ஹஜ்ரத்' என்றோம். மூன்று ரமளான்கள் வந்து போயின. 2012இல் அவர்கள் மறைந்தார்கள். கோப்பு ஒரு சிடியில் அடங்கி, நமது அலமாரியில் கிதாபுகளுக்குப் பின்னால் கிடந்தது. பழைய கணினியும் ஒருநாள் தன் மூச்சை நிறுத்திக்கொண்டது.

சென்ற ஆண்டு ஹஜ்ரத் அவர்களின் துணைவியாரைக் காணச் சென்றிருந்தோம். எண்பதைக் கடந்தவர், ஒரு கண்ணில் பார்வை அறவே இல்லை. நலம் விசாரித்த பின்னர் மெல்லக் கேட்டார்: 'தம்பி, அவங்க சொல்லி நீங்க எழுதின புத்தகம் என்னாச்சு? மத்தக் கண்ணும் போறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்.'

என்ன மறுமொழி கூறுவது? 'கொண்டு வருகிறோம் உம்மா' என்றோம். 2009இல் கூறியதும் ஏறத்தாழ இதே சொல்தான் என்பது வீதிக்கு வந்த பிறகு நெஞ்சில் தைத்தது.

அன்றிரவே சிடியைத் தேடியெடுத்துப் புதிய கணினியில் இட்டோம். கோப்பு வந்தது, எழுத்து வரவில்லை. தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடந்தன. காரணம் எளிது. அக்காலத்தில் தமிழ் மென்பொருள் செய்தோர் பலரும் தத்தமக்கென்று தனித்தனிக் குறியீட்டு முறை வைத்திருந்தனர். 1999இல் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் இரு முறைகளைத் தரமாக அறிவித்தது. பின்னர் 2010இல் யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டவை, எந்த மென்பொருளில் பிறந்தனவோ அதில்தான் ஒழுங்காகத் திறக்கும். நமது மென்பொருளோ புதிய விண்டோஸில் ஏற மறுத்தது.

வெளியூரில் கணினித் துறையில் பணிபுரியும் நம் மருமகனிடம் தொலைபேசியில் முறையிட்டோம். 'பழைய கணினி ஒன்று விலைக்குக் கிடைக்குமா?' என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். 'வேண்டாம் மாமா. உங்களிடம் இருக்கும் கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியை உண்டாக்கலாம். அதற்குள் எக்ஸ்பியை ஏற்றுங்கள்' என்றார்.

கணினிக்குள் கணினி! கதைகளில் வரும் பூதத்தின் வேலையாக அது தோன்றியது. ஆனால் கருத்து பழையது. 1960களிலேயே ஐபிஎம் நிறுவனத்தார், ஒரு பெரிய கணினியைப் பலர் ஒரே வேளையில் தமக்கே உரியதுபோல் கையாளும்படி இம்முறையை ஆக்கினர். 1972இல் 'விஎம் 370' என்னும் பெயரில் அதனை வணிகர்களுக்கும் அறிவித்தனர். இன்று வீட்டுக் கணினியில் அதே வித்தையைச் செய்ய விலையின்றியே மென்பொருள் கிடைக்கிறது. 2007இல் வெளிவந்த விர்ச்சுவல்பாக்ஸ் அவற்றுள் ஒன்று. நமக்கு அவர் பரிந்துரைத்ததும் அதுவே.

இவ்வாறு உண்டாக்கும் கணினியை நம்மவர் மெய்நிகர் கணினி என்பர். அரபியில் 'ஆலா இஃப்திராளிய்யா' என்கின்றனர். 'இருப்பதாகக் கொள்ளப்பட்ட கருவி' என்பது பொருள். இடம் கொடுக்கும் கணினிக்கு ஆங்கிலத்தில் 'ஹோஸ்ட்', உள்ளே வந்து தங்குவதற்கு 'கெஸ்ட்' என்று பெயர். அரபியிலும் அவ்வாறே 'முளீஃப்', 'ளைஃப்' என வழங்குவதைக் கண்டோம். ஒரே வேரில் கிளைத்த இரு சொற்கள். விருந்தோம்புவோன், விருந்தாளி. இச்சொற்களைக் கண்டதும் நமக்கு ஏற்பட்ட உவகையே நம்மை இடறச் செய்தது என்றால் வாசகர் நம்புவரா?

மருமகன் வரும்வரை காத்திராமல் நாமே அமர்ந்தோம். மென்பொருள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தது. ஓரிடத்தில், விருந்தாளிக்கு எத்தனை பிராசசர் தருகிறீர் என்று கேட்டது. பக்கவாட்டில் இழுக்கும் சிறு குமிழ் ஒன்று. அதன் கீழே ஒரு பகுதி பச்சை, ஒரு பகுதி சிவப்பு. அது தானாகக் காட்டிய எண் ஒன்று. ஒன்றா? பன்னிரண்டு ஆண்டுகள் அலமாரியில் கிடந்த ஹஜ்ரத் அவர்களின் உழைப்பு வருகிறது. அதற்கு ஒன்றே ஒன்றா? நமது கணினி எட்டு என்று காட்டியது. எட்டையும் கொடுத்தோம். கணினியில் இருந்த எட்டு ஜிபி ரேமில் பாதியையும் சேர்த்துக் கொடுத்தோம். வந்த விருந்தாளிக்கு வீட்டின் எல்லா அறைகளையும் திறந்துவிட்ட பெருமிதம் நமக்கு.

விளைவு என்ன? எக்ஸ்பி ஏறத் தொடங்கியதும் கணினியின் விசிறி இரைந்தது. திரையில் அம்புக்குறி நின்று நின்று நகர்ந்தது. உள்ளே விருந்தாளியும் அசையவில்லை. வெளியே வீட்டுக்காரனும் அசையவில்லை. இரவு இஷாவுக்குப் பின் தொடங்கியது, நள்ளிரவு வரை முடியவில்லை. அரைத் தூக்கத்தில் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுப் படுத்தோம்.

அடுத்த வாரம் விடுமுறையில் வந்த மருமகன், நாம் இட்டிருந்த எண்ணைப் பார்த்து, 'என்ன மாமா, எட்டையும் கொடுத்துவிட்டீர்களே!' என்றார்.

'விருந்தாளிக்குக் குறை வைக்கலாமா?'

'வைக்கக்கூடாதுதான். ஆனால் அடுப்பையும் அவருக்கே கொடுத்துவிட்டால் யார் சமைப்பது?'

அவர் விளக்கியதை நமக்குப் புரிந்த அளவில் இங்கே தருகிறோம்.

முதலாவது, நாம் கண்ட எட்டு, உண்மையில் எட்டு அன்று. பிராசசருக்குள் வேலை செய்யும் உறுப்புக்குக் கோர் என்று பெயர். நமது கணினியில் கோர் நான்கே. ஒவ்வொரு கோரும் இரண்டு வேலை இழைகளை மாறிமாறிப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் உடையதால் எட்டாகத் தோன்றுகிறது. இன்டெல் நிறுவனம் 2002இல் ஹைப்பர் த்ரெடிங் என்று பெயரிட்டு அறிமுகப்படுத்திய முறை இது. திருமண வீட்டில் பண்டாரி ஒருவர் இரண்டு அடுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார் என்று வையுங்கள். ஒன்றில் உலை கொதிக்கும் வேளையில் மற்றதில் கிளறுவார். வேலை சற்று விரைவாக நடக்கும். அதனால் பண்டாரி இருவராகிவிட மாட்டார். ஆகவே விருந்தாளிக்குப் பங்கிடும்போது அடுப்புகளை எண்ணாமல் பண்டாரிகளை எண்ண வேண்டும். உண்மையான கோர்களின் எண்ணிக்கைக்கு மேல் கொடுக்காதீர் என்று விர்ச்சுவல்பாக்ஸின் கையேடே எச்சரிக்கிறது.

இரண்டாவது, நாம் 'கொடுக்கிறோம்' என்று எண்ணுவது பொருளை அன்று, முறையை. மெய்நிகர் கணினிக்கு ஒரு பிராசசர் தருவதென்றால், கோர் ஒன்றைப் பிடுங்கி அதனிடம் ஒப்படைப்பதில்லை. வீட்டுக் கணினியின் மற்ற வேலைகளோடு வரிசையில் நின்று, தன் முறை வரும்போது கோரில் ஓடலாம் என்னும் உரிமைதான் தரப்படுகிறது. எட்டு உரிமைகளையும் ஒரே விருந்தாளிக்குத் தந்துவிட்டால், திரையை வரைவது, விசைப்பலகையைக் கவனிப்பது, வட்டில் எழுதுவது முதலிய வீட்டு வேலைகள் அவரோடு முட்டி மோதுகின்றன. விருந்தாளியின் வேலையுமே வீட்டுக்காரனின் கை வழியாகத்தான் நடக்கிறது. வீட்டுக்காரன் தளர்ந்தால் விருந்தாளியும் பட்டினி.

மூன்றாவது காரணந்தான் நமக்குப் பெருவியப்பு அளித்தது. பல பிராசசர்கள் சேர்ந்து வேலை செய்கையில், ஒரே ஏட்டில் இருவர் எழுதிவிடாதபடி ஒரு பூட்டு வைத்துக்கொள்கின்றன. சாவி வைத்திருப்பவர் எழுதி முடித்துச் சாவியைத் தரும்வரை மற்றவர் வாயிலில் நிற்க வேண்டும். மெய்நிகர் பிராசசர்கள் பல இருந்து, சாவி வைத்திருப்பதன் முறை இடையில் முடிந்து அது வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டால் என்ன ஆகும்? மற்றவை முறை வந்தும் வேலையின்றி, கதவைத் தட்டிக்கொண்டே தம் நேரத்தைக் கரைக்கும். ஆள் கூடக் கூட வேலை குறைவது இப்படித்தான்.

'அப்படியானால் எக்ஸ்பிக்கு எவ்வளவு தேவை?' என்றோம்.

'அது பிறந்த காலத்தைப் பாருங்கள் மாமா' என்றார். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக் குறைந்த அளவாகச் சொல்லப்பட்டது 233 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பிராசசர் ஒன்றும், 64 எம்பி ரேமும். இன்றைய ஒரு கோர் தனியாகவே அதைப்போல் பத்து மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடும். சிற்றுண்டி போதும் என்று வந்த முதியவருக்கு நாம் எட்டு சஹன்களைப் பரப்பி வைத்திருந்தோம்.

பழையதை அழித்துவிட்டு, பிராசசர் ஒன்று எனப் புதிதாக உண்டாக்கச் சொல்லிவிட்டு மருமகன் ஊருக்குத் திரும்பினார். எண்ணை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டோம். அதற்கும் காரணம் இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர் தர வேண்டுமானால் 'ஐ.ஓ. ஏபிக்' என்னும் ஓர் அமைப்பை இயக்க வேண்டும். அது இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, ஏறும்போதே தன் அடித்தளத்தை அதற்கேற்ப எக்ஸ்பி அமைத்துக்கொள்ளும். இயக்கி ஏற்றியபின் அதை அணைத்தல் ஆகாது. அணைத்து ஏற்றியபின் இயக்குவதால் பயனும் இல்லை. ஒற்றைப் பிராசசருக்கு அது தேவையில்லை. இருந்தால் சற்றே சுமைதான். ஆகவே, எத்தனை என்பதை விருந்தாளி வாயிற்படி ஏறுமுன்னரே தீர்மானிப்பது நன்று.

இந்த முறை அரை மணி நேரத்திற்குள் எக்ஸ்பி ஏறி, அந்தப் பழைய பச்சைப் புல்வெளியும் நீல வானமும் திரையில் விரிந்தன. ஆனால் சூடுகண்ட பூனையல்லவா நாம்? அதே பக்கத்தில், பிராசசரின் நேரத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு வரை விருந்தாளி எடுக்கலாம் என்று வரம்பிடும் இன்னொரு குமிழும் இருந்தது. அது நூறில் நின்றது. வீட்டுக்காரனைக் காக்க வேண்டுமே என்று அதை முப்பதுக்கு இறக்கினோம். இறக்கியதும் விருந்தாளிக்குத் திக்குவாய் வந்தது. தட்டிய எழுத்து பொறுத்து வந்தது. சில எழுத்துகள் வரவே இல்லை. அவ்வரம்பைத் தாழ்த்தினால் உள்ளிருக்கும் கணினியின் காலக் கணக்கு பிசகக்கூடும் என்று பின்னர் கையேட்டில் படித்தோம். ஒற்றை அறையே தந்து, அதன் கதவையும் மூன்றில் ஒரு பங்கு நேரந்தான் திறந்து வைத்தோம்.

அரபியில் இஸ்ராஃப் என்பது அளவு மீறிய செலவு. புக்ல் என்பது கொடாமை. இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தி எத்தனை ஆண்டுகள் மாணவர்க்குப் பாடம் சொல்லியிருக்கிறோம்! ஒரே வாரத்தில், ஒரே பக்கத்தில், இரண்டையும் நாமே செய்து காட்டினோம்.

முடிவில் நிலைத்தது இது: பிராசசர் ஒன்று, நேர வரம்பு நூறு, ரேம் ஒரு ஜிபி. 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு எக்ஸ்பிக்கான பொதுப் பாதுகாப்பு ஆதரவு நின்றுவிட்டதால், இணைய இணைப்பை அதற்குத் தரவில்லை. எல்லாருக்கும் 'ஒன்று' என்பதே விதி என்று யாரும் கொள்ள வேண்டா. விண்டோஸ் 11 குறைந்தது இரண்டு கோர் கேட்கும்; அதற்கு ஒன்று தந்தால் அது வஞ்சனை. கனத்த வேலை செய்யும் விருந்தாளிக்கு இரண்டில் தொடங்கி, போதாமை கண்டால் மட்டும் கூட்டி, வீட்டுக்கென்று ஒரு பங்கேனும் ஒதுக்கி வைப்பது முறை. கணினி பழையதாயின், பிராசசரில் உள்ள மெய்நிகர் வசதி பயாஸில் இயக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்க. இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் தம் பிராசசர்களில் சேர்த்த வசதி அது. சில கணினிகளில் அணைந்தே கிடக்கும்.

இனி, கோப்பு. நமது தமிழ் மென்பொருள் உள்ளே முரண்டின்றி ஏறியது. சிடியிலிருந்து கோப்பைத் திறந்தோம். ஒரு கணம் வெண்திரை. அடுத்த கணம் தமிழ், நாம் அன்று தட்டெழுதிய அதே தடித்த எழுத்து. இடப்புறம் தமிழ், வலப்புறம் அரபு எழுத்து. நெடுநேரம் நாம் எதையும் தொடவில்லை.

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போகையில், சில சொற்களுக்கு எதிரே பொருள் இல்லாமல் வெறும் புள்ளிக்கோடு இருப்பதைக் கண்டோம். முதலில் கோப்பு பழுதாகிவிட்டதோ என்று அஞ்சினோம். இல்லை. கடைசிப் பக்கத்தில், தம்பெயர் சொல்லாமல் ஹஜ்ரத் அவர்கள் நம்மைக்கொண்டே எழுதுவித்த இரண்டு வரிகள் இருந்தன. புள்ளியிட்ட சொற்களின் பொருள் தமக்கு உறுதிப்படவில்லை என்றும், இதனைத் தட்டெழுதுபவர் ஊரூராய் முதியோரிடம் விசாரித்து நிரப்புவார் என்றும் அதில் கண்டிருந்தது. நம் கையாலேயே தட்டெழுதிய வரிகள்! முற்றாக மறந்துபோயிருந்தோம்.

அன்று முதியோர் இருந்தார்கள். அந்தச் சொற்களை வாயால் வழங்கிய பெண்மக்கள் பலர் அன்று உயிரோடு இருந்தார்கள். இத்தனை ஆண்டுகள் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? சோம்பியிருக்கவில்லை. வகுப்புகள், கூட்டங்கள், அணிந்துரைகள், திருமணங்கள், சங்கப் பொறுப்புகள். கேட்டவருக்கெல்லாம் நம் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுத்தோம். யாருக்கும் இல்லையென்று சொல்லாத நல்ல மனிதர் என்று பெயரும் வாங்கினோம். எட்டையும் கொடுத்த கணினியைப் போலத்தான் நாமும் இரைந்துகொண்டிருந்தோம். வரிசையில் ஹஜ்ரத் அவர்களின் அமானத்துக்கு மட்டும் முறை வரவேயில்லை.

கோப்பிலுள்ளதைச் சிறிது சிறிதாக யூனிகோடுக்கு மாற்றி, பெரிய எழுத்தில் தாளில் அச்சிட்டு, உம்மா அவர்களிடம் கொண்டு சென்றோம். தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்கள். தமிழ்ப் பகுதியை விட்டுவிட்டு அரபுத் தமிழ்ப் பகுதியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்கள். புள்ளிக்கோடிட்ட ஒரு சொல்லில் விரல் நின்றது. 'இதுக்கு ஏன் அர்த்தம் போடலை? எங்க மாமி சொல்லுவாங்களே, மாவு சலிச்ச பிறகு சல்லடையில நிக்கிற கப்பியை' என்றார்கள். நாம் பேனாவை எடுத்தோம்.

அன்று மாலை மட்டும் ஒன்பது சொற்கள் நிரம்பின. இப்போது வாரத்தில் இரு மாலைகளை அதற்கென ஒதுக்கியிருக்கிறோம். அந்நேரத்தில் வேறு எவருக்கும் முறை இல்லை; வருத்தப்படுவோர் பொறுத்தருள்க. இன்னும் நிரப்ப வேண்டியவை பல உள்ளன.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்து அலமாரியிலும் பழைய சிடியோ பிளாப்பியோ கிடக்கலாம். அதில் உங்கள் வாப்பாவோ பாட்டனாரோ எழுதிய ஏதேனும் இருக்கலாம். எழுத்து வரவில்லையென்று குப்பையில் இட்டுவிடாதீர்கள். திறக்க வழி இருக்கிறது; செலவும் அதிகமில்லை. பிராசசர் ஒன்று போதும். ஆனால் அதில் வரும் சொல்லுக்குப் பொருள் சொல்லத்தக்கவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே திறந்துவிடுங்கள்.